வரப்போடு நின்றுவிடும் சட்டம்

"ஏன்டா தம்பி, அறுபது நாள் உள்ள வெச்சா அது திருந்தி வெளிய வந்துருமா?"

மோனோகுரோட்டோபாஸ், அசிபேட், புரோபெனோபாஸ், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளுக்குத் தமிழ்நாடு அரசு 2023ல் 60 நாள் தடை விதித்தபோது, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் சித்தப்பா கேட்ட கேள்வி இது. தற்கொலைகளைத் தடுக்கத்தான் இந்தத் தடை என்று அரசு சொல்லியிருந்தது. திண்ணையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் இன்னொன்றும் சொன்னார்: "சாவணும்னு முடிவெடுத்தவனுக்கு இது இல்லன்னா இன்னொண்ணு. மருந்து என்னடா பண்ணும்?" அதற்கும் தலையாட்டினார்கள். எனக்கு முதல் கேள்வி பிடித்திருந்தது. இரண்டாவது பேச்சுதான் தொண்டையில் முள் மாதிரி நின்றுவிட்டது. தவறு என்று தோன்றியது, ஏன் தவறு என்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் அப்படிப் போனவர்கள் யார் யாரென்று எல்லோருக்கும் தெரியும். அவர்களில் பாதிப் பேராவது மறுநாள் காலையில் வேறு மாதிரி யோசித்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். நம்பிக்கை வாதமாகாது என்பதால்தான் படிக்க ஆரம்பித்தேன். சட்டப் புத்தகத்தில் தொடங்கி இலங்கையில் போய் முடிந்தது அந்தப் படிப்பு.

முதலில் அந்த அறுபது. ஏன் 60, ஏன் ஒரு வருஷமோ நிரந்தரமோ இல்லை? 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் பிரிவு 27 என்று ஒன்று இருக்கிறது. ஒரு மருந்தால் மனிதர்களுக்கோ கால்நடைகளுக்கோ ஆபத்து, உடனே நடவடிக்கை வேண்டும் என்று ஒரு மாநில அரசு கருதினால், விசாரணை முடியும்வரை அதன் விற்பனையையும் பயன்பாட்டையும் 60 நாளுக்கு மிகாமல் நிறுத்திவைக்கலாம். விசாரணை முடியாவிட்டால் மேற்கொண்டு 30 நாள். அதற்கு மேல் இந்தச் சட்டத்தில் மாநிலத்தின் கையில் ஒன்றுமில்லை. பதிவை ரத்து செய்வதோ முழுவதுமாகத் தடை செய்வதோ ஒன்றிய அரசின் வேலை, மருந்து விற்க அனுமதி தரும் பதிவுக் குழு இருப்பது தில்லிக்குப் பக்கத்து ஃபரிதாபாத்தில். இத்தனைக்கும் அரசியல் சாசனத்தில் வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதே வரியில் "பயிர்ப்பூச்சிகளிலிருந்து பாதுகாப்பு" என்பதும் சேர்ந்தே வருகிறது. ஆனால் மருந்துகளும் நஞ்சுகளும் பொதுப் பட்டியலில். ஆகப் பூச்சி நம்முடையது, பூச்சி மருந்து தில்லியுடையது. கேரளம் 2011ல் மோனோகுரோட்டோபாஸ் உட்பட 14 மருந்துகளைத் தன் மாநிலத்துக்குள் தடை செய்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் கடைகள் திறந்தே இருந்தன.

சித்தப்பாவின் முதல் கேள்விக்கு ஆக இதுதான் பதில்: திருந்தாது, ஆனால் மிஞ்சினால் 90 நாள், அதற்கு மேல் உள்ளே வைக்க இந்த அரசுக்குச் சட்டத்தில் இடமில்லை.

கடையில் நடப்பது

அத்தை மகன் ஒருவர் உரக்கடை வைத்திருக்கிறார். ஊருக்குப் போனால் மாலை நேரம் அங்கேதான் கழியும். மருந்துக் கட்டுப்பாடு என்று நாம் பேசுவதெல்லாம் கடைசியில் வந்து இறங்கும் இடம் அந்தக் கல்லாப்பெட்டிதான் என்பதால் அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஒருவர் வருவார், கையில் சுருண்ட இலை. இப்போதெல்லாம் போனில் படம். "இப்புடி ஆவுதுப்பா" என்பார். மச்சான் இலையைத் திருப்பிப் பார்ப்பார், எத்தனை நாள் பயிர் என்று கேட்பார், அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலும் அதோடு ஒரு பொட்டலமும் எடுத்து வைப்பார். அட்டைப்பெட்டியின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுவார்: "டேங்குக்கு 2 மூடி". பணம் அறுவடைக்குப் பிறகு, நோட்டில் ஏறும். மொத்தமே ஐந்து நிமிஷம். வந்தவருக்குக் கண்கூடாகக் கிடைக்கும் ஒரே வேளாண் ஆலோசனை அதுதான். வேளாண்மை அலுவலரைத் தேடிப் போனால் அவர் அன்று வேறு கிராமத்தில் பயிர்க் காப்பீட்டுக் கணக்கெடுப்பில் இருப்பார்.

பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தால் சட்டம் முழுக்க அதன் மேல்தான் ஒட்டியிருக்கிறது. சாய்வாக நிற்கும் ஒரு சதுரம், நடுவே கோடு. கீழ் முக்கோணம் சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்பதில் விஷத்தின் தரம். எலிக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்து, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரைக்குள் பாதி எலிகள் செத்தால் சிவப்பு, 500 வரை மஞ்சள், 5,000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. சிவப்பென்றால் மேலே மண்டை ஓடும் உண்டு. உள்ளே மடித்து வைத்த துண்டுத்தாளில் இந்தி, ஆங்கிலம், வட்டார மொழிகள் என்று எறும்பு வரிசையாக எழுத்துகள். எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, ஏக்கருக்கு எவ்வளவு, அடித்தபின் எத்தனை நாள் கழித்து அறுக்க வேண்டும், விஷம் ஏறினால் என்ன அறிகுறி, என்ன முறிவு மருந்து. எல்லாம் இருக்கிறது. எனக்குக் கண்ணாடி போட்டும் பாதிதான் படிக்க முடிந்தது. அந்தத் தாளைப் பிரித்துப் பார்த்த ஒருவரை அந்தக் கடையில் நான் கண்டதில்லை. மூடியின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதை மச்சானிடம் சொன்னேன். "மாப்ள, மில்லின்னு எழுதிக் குடுத்தா அளக்கறதுக்கு அவன் எங்க போவான்?" என்றார். அதுவும் சரிதான்.

60 நாள் தடைக் காலத்தில் கடைகளில் என்ன நடந்தது என்பதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் சில கடைகளில் மேல்தட்டுக்கு ஒரு துணி மறைப்பு வந்தது, பில்லில் பெயர் மாறியது. 61ஆம் நாள் துணி இறங்கியது. விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரக்கு கம்பெனிக்குத் திரும்பப் போகாது, வட்டி ஓடும், இரண்டு மாதம் கழித்து மறுபடி சட்டப்படி விற்கப்போகும் அதே சரக்கு. அப்படி ஒரு தடையை யார்தான் மதிப்பார்கள்?

பிரிவு 38

இந்தியாவில் இந்தச் சட்டமே ஒரு பெருஞ்சாவிலிருந்து பிறந்ததுதான். 1958ல் பம்பாயிலிருந்து கொச்சிக்குக் கப்பலில் வந்த சரக்குகளில் கோதுமை மாவும் சர்க்கரையும் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியோடு சேர்ந்து பயணம் செய்தன. பாலிடால் என்று பிற்பாடு நம் ஊரெல்லாம் தெரிந்துகொண்ட அதே வகை. கசிந்தது, மாவில் கலந்தது. கேரளத்திலும் மதராஸ் மாநிலத்திலுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது, பிறகு நிபுணர் குழு, பத்தாண்டு கழித்து 1968ல் சட்டம், 1971ல் விதிகள். கப்பலில் நடந்த விபத்துக்குப் பதிலாக எழுதப்பட்டதால், இறக்குமதி, உற்பத்தி, விற்பனை, போக்குவரத்து, வினியோகம் என்று சரக்கு போகும் வழியெல்லாம் சட்டம் கூடவே வருகிறது. உணவுப் பொருளோடு சேர்த்து ஏற்றக்கூடாது, சேர்த்து வைக்கக்கூடாது, ஆய்வாளர் மாதிரி எடுத்தால் மூன்று பங்காகப் பிரித்து முத்திரை வைக்க வேண்டும் என்பது வரை. சட்டத்தின் முகப்பு வரியில் கடைசிச் சொல்லாகப் 'பயன்பாடு' என்பதும் இருக்கிறது. மனிதருக்கும் கால்நடைக்கும் ஆபத்து வராமல் தடுப்பதற்காக என்று நோக்கமும் சொல்லப்பட்டிருக்கிறது.

அந்தப் பயன்பாட்டைத் தேடித்தான் பக்கம் பக்கமாகப் போனேன். விதிகளில் ஒரு அத்தியாயமே பாதுகாப்பு உடைக்கு: முழங்கைக்குப் பாதி வரை வரும் ரப்பர் கையுறை, தூசி புகாத கண்ணாடி, பூட்ஸ், தொப்பி, மூச்சுக்கருவி. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு சட்டத்தின் வாலில், கடைசிப் பிரிவாக 38. விலக்குகள் என்று தலைப்பு. ஒருவர் தன் வீட்டுத் தேவைக்கோ, வீட்டுத் தோட்டத்துக்கோ, தான் சாகுபடி செய்யும் நிலத்துக்கோ பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்துவதற்கு இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் பொருந்தாது.

இரண்டு முறை படித்தேன். வெளிநாட்டிலிருந்து மூலப்பொருள் வந்து இறங்கும் துறைமுகம் முதல் மச்சானின் கல்லாப்பெட்டி வரை ஒவ்வொரு அடியிலும் உரிமம், பதிவேடு, படிவம். பாட்டில் கைமாறி வயலுக்கு வந்து, மூடி திறந்து, விஷம் முதன்முதலாக ஒரு மனிதனின் தோலையும் மூச்சையும் தொடும் இடத்தில் சட்டம் வரப்பிலேயே நின்றுவிடுகிறது. சாகுபடி செய்பவர் வைத்ததுதான் சட்டம். அவர் மில்லி கணக்குப் பார்க்கலாம், மூடி கணக்கும் பார்க்கலாம். சிவப்பு முக்கோணத்தைத் தக்காளிக்கு அடிக்கலாம். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்கு அடிக்கக்கூடாது என்று ஒன்றிய அரசு 2005 வாக்கிலேயே சொல்லிவிட்டது. ஆனால் கத்தரிக்காய்க்குப் போகும் பாட்டிலும் பருத்திக்குப் போகும் பாட்டிலும் ஒரே கடையில், ஒரே தட்டில் இருக்கும்போது அந்த ஆணை யாருக்கு? கூலிக்கு மருந்தடிக்க வருபவர் கதை இன்னும் மோசம். நிலமும் அவருடையதல்ல, தாளும் அவர் கைக்கு வருவதில்லை. அவர் பார்ப்பது வாளியில் கலந்து வைத்த பால்வெள்ளைத் தண்ணீரை மட்டும்தான்.

ஆத்திரம் வந்தது என்பது உண்மை. இதை வைத்து ஒரு காரசாரமான பதிவு எழுதி முடித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அடுத்த கேள்வி உடனே வந்தது: பிரிவு 38ஐ எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு வயலுக்கும் ஆய்வாளர் வருவாரா? வந்தால் என்ன செய்வார்? கையுறை போடாத சித்தப்பாவுக்கு அபராதம் போடுவார், அல்லது போடாமலிருக்க எதையாவது வாங்கிக்கொண்டு போவார். ஐந்து மா நிலம் வைத்திருப்பவனின் தோளில் இன்னொரு சுமை. 1968ல் அந்த விலக்கை எழுதியவர்கள் அக்கறையோடு எழுதினார்களா, கைகழுவினார்களா தெரியாது. எப்படி எழுதியிருந்தாலும், கோடிக்கணக்கான சின்னச் சின்ன வயல்களில் மருந்து எப்படி அடிக்கப்படுகிறது என்பதை எந்த அரசாலும் கண்காணிக்க முடியாது என்பது உண்மைதான். அந்த உண்மையை ஒப்புக்கொண்டால் அதன் அடுத்த படியையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வரப்புக்குள் வர முடியாத சட்டம், வரப்புக்குள் எது வரலாம் என்பதில் மட்டும்தான் கறாராக இருக்க முடியும். கறார் காட்ட வேண்டிய இடம் ஃபரிதாபாத்தில் பதிவு கொடுக்கும் மேஜை. அங்கே தாராளமாக இருந்துவிட்டு, துண்டுத்தாளில் கையுறை போடச் சொல்வது ஊரை ஏமாற்றுவது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் வைத்திருக்கும் பூச்சிக்கொல்லி நடத்தை நெறியில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. அணிய அசௌகரியமான, விலை அதிகமான, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை போட்டால்தான் கையாள முடியும் என்ற மருந்துகளைத் தவிர்க்க வேண்டும், அதிலும் வெப்ப நாடுகளின் சிறு விவசாயிகள், கூலித் தொழிலாளர்கள் விஷயத்தில். பேராவூரணியில் சித்திரை வெயிலில் ரப்பர் பூட்ஸும் மூச்சுக்கருவியும் மாட்டிக்கொண்டு முதுகில் டேங்கோடு ஒருவர் நடப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். 2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் ஆளுயரம் வளர்ந்த பருத்திக்குள் நின்று மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனையில். அப்போதும் பாதுகாப்பு உடை போடவில்லை, அளவுக்கு மீறி அடித்தார்கள் என்ற பேச்சுதான் முன்னால் வந்தது. செத்தவனே குற்றவாளி.

கடலுக்கு அந்தப் பக்கம்

சித்தப்பாவின் இரண்டாவது பேச்சுக்கு வருகிறேன். "இது இல்லன்னா இன்னொண்ணு." (இதைப் படிக்கும் யாருக்காவது மனம் கனமாக இருந்தால் 104க்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள். பேசுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.)

பேராவூரணியிலிருந்து நேர்கோடு போட்டால் சென்னையைவிட யாழ்ப்பாணம் பக்கம். அந்த நாட்டில் 1995 வாக்கில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற அளவில், உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. அதில் பெரும்பங்கு பூச்சி மருந்தால். இலங்கையும் ஏறக்குறைய நம்மைப் போலத்தான் தொடங்கியது. 1980ல் பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதன் கீழ் பூச்சிக்கொல்லிப் பதிவாளர் என்று ஒரு பதவி. வித்தியாசம் அந்தப் பதவியில் இருந்தவர்கள் செய்த வேலையில் இருக்கிறது. 1984ல் பாரத்தியானும் மெத்தில் பாரத்தியானும் போயின. 1995ல் மோனோகுரோட்டோபாஸும் மெத்தமிடோபாஸும். அவற்றுக்குப் பதிலாக எண்டோசல்பானின் பயன்பாடு கூடி, அதனால் சாவுகள் வர ஆரம்பித்தன. சித்தப்பா சொன்ன 'இன்னொண்ணு' அப்படியே நடந்தது. அதற்காகத் தடையைக் கைவிடவில்லை, 1998ல் எண்டோசல்பானையும் எடுத்தார்கள். 2008க்கும் 2011க்கும் இடையில் டைமெத்தோயேட், பெந்தியான், பாராகுவாட். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் நம் சனங்கள் களைக்கு அடித்துக்கொண்டிருந்த பாராகுவாட்டின் செறிவை முதலில் குறைத்தார்கள், பிறகு முழுவதுமாக நிறுத்தினார்கள்.

விளைவு: உச்சத்திலிருந்து ஏறத்தாழ 70 சதவீதம் தற்கொலை குறைந்தது. 1995 முதல் 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தப் பெரிய எண் அல்ல, அதற்குள் இருந்த இன்னொரு தகவல். விஷமருந்தி மருத்துவமனைக்கு வருபவர்களின் எண்ணிக்கை அந்தக் காலத்தில் குறையவே இல்லை, கூடத்தான் செய்தது. வந்தவர்கள் பிழைத்தார்கள். அதாவது மனம் உடைவது நிற்கவில்லை, கடன் நிற்கவில்லை, குடும்பச் சண்டை நிற்கவில்லை. கைக்கு எட்டிய பாட்டில் முன்பைவிடச் சாதுவானதாக இருந்தது, மருத்துவர்களுக்கு நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். பெரும்பாலான முடிவுகள் ஒரு கோபத்தில், ஒரு மாலை நேரத்தில் எடுக்கப்படுபவை, முடிவு எடுத்தவர் எல்லோரும் செத்தே தீரவேண்டும் என்று இருந்தவர்கள் அல்ல என்பது இதில் வெளிப்படை. சித்தப்பாவிடம் சொல்லத் தெரியாமல் நான் விழித்தது இதைத்தான்.

அதே நாட்டில் இன்னொரு வழியையும் சோதித்துப் பார்த்தார்கள். மருந்தைப் பூட்டி வைத்தால் போதுமே, தடை எதற்கு என்ற வாதம் அங்கேயும் இருந்தது. அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுள்ள பெட்டி கொடுத்தார்கள். மொத்தம் 50,000க்கு மேற்பட்ட வீடுகள் அந்த ஆய்வில் இருந்தன. 2017ல் முடிவு வெளியானது. பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காத கிராமங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதைப் படித்தபோது எனக்கு அந்தத் துண்டுத்தாள்தான் நினைவுக்கு வந்தது. பொறுப்பை வாங்குபவன் தலையில் வைக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் இதே கதிதான் போலிருக்கிறது. நெல் விளைச்சல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். தடைகளுக்குப் பின் விளைச்சல் சரியவில்லை என்பதையும் அவர்களே கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

இங்கேயே நிறுத்தினால் இலங்கையை உச்சியில் தூக்கி வைத்ததாகிவிடும். அதே இலங்கைதான் 2015ல் சிறுநீரக நோயைக் காரணம் காட்டி கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்து, தேயிலைத் தோட்டங்கள் களையில் மூழ்கியபின் 2018ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தளர்த்தியது. அதே இலங்கைதான் 2021ல் ஒரே கெசட்டில் ரசாயன உரத்தோடு பூச்சி மருந்து இறக்குமதி முழுவதையும் நிறுத்தி, அந்த வருஷம் நவம்பரிலேயே பின்வாங்கியது. அதற்குள் விவசாயியின் வயிற்றில் அடித்தாகிவிட்டது. "தடைன்னா என்ன ஆவும்னு பாத்தியா" என்று இன்று எங்கள் ஊர்க் கடைகளில் சொல்லப்படும் உதாரணம் 2021தான், 1995 அல்ல. எனக்கு அது பெரிய வருத்தம். முப்பது வருஷம் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு மருந்தை எடுக்கும்போது அதே பூச்சிக்கு வேறு என்ன இருக்கிறது என்று பார்த்து எடுத்த பதிவாளர்களின் வேலையை, ஒரு மேடைப் பேச்சில் பிறந்த முடிவு மறைத்துவிட்டது.

27ல் மூன்று

நம் பக்கம் என்ன நடந்தது? 2013ல் வேளாண் விஞ்ஞானி அனுபம் வர்மா தலைமையில் ஒன்றிய அரசு அமைத்த ஒரு குழு, மற்ற நாடுகளில் தடையோ கட்டுப்பாடோ உள்ள, இங்கே இன்னும் விற்கும் 66 மருந்துகளை ஆராயத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியின் மதிய உணவு எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்ததால் 23 குழந்தைகள் இறந்தார்கள். 2015ல் அறிக்கை வந்தது. 2018ல் 18 மருந்துகளுக்குத் தடை ஆணை, அதில் ஆறுக்கு 2020 இறுதிவரை அவகாசம். 2020 மே மாதம் இன்னொரு 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு ஆணை. ஆட்சேபம், மறுபடி குழு, மறுபடி அறிக்கை. 2023ல் இறுதி ஆணை வந்தபோது அந்த 27ல் டைகோபால், டைனோகேப், மெத்தோமில் என்று மூன்றுக்கு உடனடித் தடை. மோனோகுரோட்டோபாஸுக்கு மெல்ல விடைகொடுத்தார்கள்: கையிருப்பைக் காலாவதி தேதி வரை விற்கலாம் என்ற சலுகையோடு. இலங்கை விட்டொழித்து 28 வருஷம் கழித்து. பாராகுவாட் அந்த 27லேயே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் அதை 2007ல் நிறுத்தியது. 1968 சட்டத்துக்கு மாற்றாக 2008லும் 2020லும் மாநிலங்களவைக்கு வந்த மசோதாக்கள் சட்டமாகவில்லை.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன், இலங்கைக் கணக்கு உட்பட. பிழைத்தவர்கள் எண்ணிக்கையைச் சொன்னபோது அவர் மறுத்துப் பேசவில்லை. ஊரில் ஒரு பெயரை மட்டும் சொன்னார், அவன் இருந்திருப்பான் என்றார். பிறகு அவருடைய கணக்குக்கு வந்தார். தென்னைக்காரனுக்கு மோனோகுரோட்டோபாஸ் என்றால் வேரில் மருந்து கட்டுவது. மரத்திலிருந்து ஓரடி ரெண்டடி தள்ளி மண்ணைப் பறித்து, பென்சில் கனத்தில், செத்துப்போகாத, செம்பழுப்பு நிற வேர் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். நுனியைச் சாய்வாகச் சீவி, 10 மில்லி மருந்தும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிய பாலித்தீன் பைக்குள் அடிவரை நுழைத்து, நூலால் இறுக்கிக் கட்டி மண்ணை மூடிவிட வேண்டும். மரமே உறிஞ்சிக்கொள்ளும். 45 நாள் காய் பறிக்கக்கூடாது. வேளாண் பல்கலைக்கழகமே சொல்லிக்கொடுத்த முறை இது. கருந்தலைப் புழுவுக்கு, ஈரியோபைட் சிலந்திக்கு, கஜா புயலுக்குப் பிறகு விழுந்து கிடந்த மரங்களில் பெருகி வந்த கூன்வண்டுக்கு எல்லாவற்றுக்கும் அவர் கட்டியது இதைத்தான். மரமேறி அடிக்க வேண்டியதில்லை, காற்றில் பறக்காது, யார் முகத்திலும் படாது. "இத்தன பேரு சாவுறதுக்கு எடுக்கணும்னா எடுக்கட்டும். அந்த எடத்துல என் மரத்துக்கு எதக் கட்டுறதுன்னு எவனாவது வந்து சொன்னானா?" என்றார்.

யாரும் வந்து சொல்லவில்லை என்பதுதான் நிஜம். மச்சான் கடையில் இருக்கும் புது மருந்துகளில் சில நீல முக்கோணம், விலை பல மடங்கு. அவற்றில் எதை வேரில் கட்டலாம், எது தேனீக்கு ஆகாது, எது தென்னைக்குப் பதிவே ஆகவில்லை என்று அவருக்கும் தெரியாது, கம்பெனி ஆள் வந்து சொன்னதுதான் தெரியும். சுருள் வெள்ளை ஈக்கு மருந்தே அடிக்காதீர்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணியை விடுங்கள் என்று பல்கலைக்கழகம் நல்லதைத்தான் சொல்கிறது. ஒட்டுண்ணி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியார்நகர் ஆராய்ச்சி நிலையத்தைக் காட்டுகிறார்கள். பேராவூரணியிலிருந்து அங்கே போய் வர ஒரு முழு நாள் போதாது.

அந்த 90 நாளுக்கு மேலும் தடையை நீட்டிக்கும் அதிகாரத்தை மாநிலங்கள் கேட்டு வாங்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை. சிவப்பு முக்கோணங்கள் போக வேண்டும், பாராகுவாட்டும் சேர்ந்து போக வேண்டும். கூடவே, தடை ஆணை கையெழுத்தாகும் அதே நாளில் அந்தப் பூச்சிக்கு மாற்று என்ன, ஏக்கருக்கு என்ன செலவு, எந்த வட்டாரத்தில் எங்கே கிடைக்கும் என்று ஒரு பக்கம் தமிழில், கண்ணாடி இல்லாமல் படிக்கும் எழுத்தில், ஒவ்வொரு உரக்கடைச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். ஒன்றிய அரசின் 2023 ஆணையில் கம்பெனிக்கும் கடைக்கும் கையிருப்பைத் தீர்க்கக் காலக்கெடு எழுதியிருந்தார்கள். சித்தப்பாவின் தோப்புக்கு அதில் ஒன்றும் இல்லை.